ஒரு பிடி மூலிகையும் ரொறொன்ரோ ஆஸ்பத்திரியும்

1997 ஓகஸ்ட் 2, சனிக்கிழமை, மாலை 4.20. விமானம் ரொறொன்ரோவில் சில்லுப் பதித்தபோது எனக்குக் கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தன. பறந்து வந்த களைப்பு மட்டும் அல்ல. தலைக்கு மேலே இருந்த என் பையின் அடியில், இரண்டு வேட்டிகளுக்கு நடுவே, ஒரு கிலோ காய்ந்த இலையும் வேரும் இருந்தன. இறங்குவதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்த தமிழர் ஒருவர் வாசித்துச் சொன்னார். செடி, விதை, வேர் ஏதும் கொண்டுவருகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி.

"இல்லை எண்டு போடுங்கோ," என்றேன்.

கனடாவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. மூன்று நாள் கழித்து இன்னொன்று சொன்னேன். அந்த இரண்டாவது பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வவுனியாவில் சீமெந்துக் கல் அரிந்து, அச்சில் வார்த்து, விற்பவன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. சுபாவத்தில் பயந்தவன். பஸ்ஸில் ஏறமுன் சில்லுகளில் காற்று இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பேன். வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரிக்காமல் அரைமணி நேரம் வைத்திருப்பேன். என் தங்கை யோகம் ஒன்பது வருடமாக ரொறொன்ரோவில் இருக்கிறாள். அவளுக்குக் கழுத்தில் கட்டிகள் என்றும், டொக்டர்மார் பெரிய வருத்தம் என்கிறார்கள் என்றும் வைகாசி மாதம் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி தந்த கடிதத்தைக் காட்டித்தான் ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, எனக்கு விசா கிடைத்தது.

மலிவு ரிக்கெற் என்றபடியால் பாங்கொக்கில் மூன்று இரவு தங்கவேண்டி வந்தது. அறை வாடகை ஒரு நாளுக்கு 250 பாத். அறைக்குக் கீழே ஒரு மூலிகைக் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க தாய்லாந்துப் பெண் ஒருவர், சிறிய உருவம், கண்ணாடிப் போத்தல்களுக்கு நடுவே தெரிந்தும் தெரியாமலும் இருப்பார். அங்கே இரண்டு வருடமாகத் தங்கியிருந்த எங்கள் ஆள் ஒருவர் எனக்காகப் பேசினார். கட்டி என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினோம். அவர் மூன்று சாக்குகளிலிருந்து அள்ளினார். ஒன்று மஞ்சள் மரச்சீவல், ஒன்று வட்ட வட்டமாக நறுக்கிய வேர். இவை எனக்குப் பெயர் தெரியாதவை. மூன்றாவது சாக்கில் இருந்த இலையையும் தண்டையும் கிளறிப் பார்த்தேன். வாடிய ஊதாப் பூ ஒன்று கையில் வந்தது. ஐந்து இதழ். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் பட்டிப்பூ. இந்தியாவில் நித்தியகல்யாணி என்பார்கள். என் கல் அரியும் முற்றத்தில் வேலியோரம் தானாக முளைத்து நிற்கும், ஆடுகூடக் கடிக்காது.

தெரிந்த செடி என்றதும் பயம் போய்விட்டது. என் வாழ்க்கையில் பயம் அப்படிச் சுலபமாகப் போனது அந்த ஒரு தடவைதான். அது போகாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு நாளைக்கு ஒரு பிடி," என்று மொழிபெயர்த்தார் எங்கள் ஆள். "நாலு கோப்பை தண்ணி விட்டு ஒரு கோப்பையா வத்தவேணுமாம்." அந்தப் பெண் தன் கையை மூடி, ஒரு பிடி என்று காட்டினார். விலை 180 பாத்.

பாங்கொக்கில் சனிக்கிழமை காலை ஏறினேன். ரோக்கியோவில் மாறி, இருட்டுக்குள் ஒரு முழு இரவு பறந்து, ரொறொன்ரோவில் இறங்கினால் அங்கேயும் சனிக்கிழமைதான். அந்த இரவை எந்தக் கணக்கில் போடுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாலை 5.40. சுங்கத்தில் ஒரு பெண் அதிகாரி கயிற்றில் நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாய் என் பையை முகர்ந்தது, என் செருப்பையும் முகர்ந்தது, பிறகு முன்னால் நின்ற சீனக் குடும்பத்தின் பெட்டிக்குப் போய்விட்டது. வெளியே யோகத்தின் கணவர் நேசன் சிநேகிதருடைய காரோடு நின்றார். நகரத்துக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். ரோட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆறு வரிசை வாகனம். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அது எனக்குப் பிரேத ஊர்வலம் போலப் பட்டது.

"அவளுக்கு வருத்தத்தின்ரை பேர் தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டேன். ஊரில் நாங்கள் நோயாளிக்கு அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது.

நேசன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "அண்ணை, இஞ்சை அவளுக்குத்தான் முதல் சொன்னவை. அவள் வந்துதான் எனக்குச் சொன்னவள்."

சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் இருந்த கட்டடத்துக்கு இருபதுக்கு மேல் மாடி. பக்கத்தில் அதே உயரத்தில் இன்னும் பல. மூன்று லிப்ற்றில் ஒன்று வேலை செய்யாது. ஒன்றில் யாரோ வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் மாடிக்குப் போனோம். ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் ஒவ்வொரு குழம்பு மணம்.

கதவைத் திறந்தவளைக் கண்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம் இல்லை. தலைமயிரைப் பின்னினால் இடுப்புக்குக் கீழே தொங்கும் என் தங்கைக்கு.

"என்ன அண்ணை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ," என்றாள். "கான்சர்தான், தொத்தாது."

தேத்தண்ணி ஊற்றப்போகிறேன் என்கிற அதே குரலில் அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் கதிரையைத் தேடி இருந்தேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு, காலை 7 மணி. நேசனிடம் பொதியைக் காட்டினேன். அவர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார். "குடுத்துப் பாப்பம் அண்ணை. ஆனால் டொக்டருக்குச் சொல்லவேண்டாம். இவங்களுக்கு உது பிடியாது, பறிச்சுப்போடுவாங்கள்." யோகத்திடம், மல்லித் தண்ணி, உடம்புச் சூட்டுக்கு என்று சொல்வதாக முடிவெடுத்தோம்.

ஒரு பிடி அள்ளிப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் அடுப்பிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. யன்னலைத் திறந்தேன். கதவில் தட்டுச் சத்தம். எதிர் வீட்டு பிலோமினா அக்கா, மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கர், யோகம் போகும் அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி நின்றார்.

"யோகத்தின்ரை அண்ணையோ? வந்த கையோடை பழஞ்செருப்பு அவிக்கிறியளோ?"

"மல்லித் தண்ணி," என்றேன்.

"மன்னாரிலையும் மல்லி அவிக்கிறவைதான். உப்பிடி மணந்ததை நான் அறியேல்லை," என்று சிரித்துக்கொண்டு போனார்.

யோகம் கோப்பையை வாங்கி, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்தாள். என்ன இது என்று கேட்கவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய். மூன்று கிழமைக்கு ஒருமுறை அவளுக்கு மருந்து ஏற்றுவார்கள். காலை 8.15க்கு மூவரும் தெருவில் ஓடும் ட்ராமில் ஏறினோம். அதை அங்கே ஸ்ரீற்கார் என்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு டொலர். எங்கள் காசில் கிட்டத்தட்ட 85 ரூபா. வவுனியாவில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். சாரதி கிழித்துத் தந்த துண்டை நான் எறியப் பார்த்தேன்.

"எறியாதையுங்கோ," என்றார் நேசன், "உதைக் காட்டி அடுத்த வண்டியிலை சும்மா போகலாம்."

அன்று நாங்கள் வழியில் வண்டி மாறவேண்டி இருக்கவில்லை. ஆனாலும் அந்தத் துண்டை மாலைவரை மடியில் பத்திரமாக வைத்திருந்தேன். யாராவது கேட்டுவிட்டால்?

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டேன். பெரிய சீமெந்துத் தொட்டி, அதில் வரிசை வரிசையாகப் பட்டிப்பூ. வெள்ளையும் ஊதாவும். களை பிடுங்கி, பசளை போட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேறு.

"யோகம், இஞ்சை பார், எங்கடை வேலிப்பூ," என்றேன்.

"வெய்யில் காலத்துக்கு மட்டும் வைப்பினம் அண்ணை. பனி விழச் செத்துப்போம்."

உள்ளே ஒரு தாதி யோகத்திடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா, வயிற்றால் போகிறதா. பிறகு ஒரு கேள்விக்கு யோகம் என் பக்கம் திரும்பினாள். "வேறை ஏதாவது எடுக்கிறனியோ எண்டு கேக்கினம். வைற்றமின், மூலிகை, வீட்டு மருந்து." அவள் கண் என் முகத்தில் நின்றது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இல்லை எண்டு சொல்லு," என்றேன். அவள் அப்படியே சொன்னாள்.

அந்த இரண்டாவது பொய் இதுதான். சொன்னது அவள் வாய். பொய் என்னுடையது.

அதன் பிறகு கண்டது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தாதி நீண்ட நீல அங்கி ஒன்றைப் போட்டார். ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை. சிவப்புச் சாயம் போன்ற மருந்தை, பாம்பைக் கொண்டுவருகிறவர் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டால் ஆகாது என்று இத்தனை உறை போடுகிறாய், அதை ஏன் என் தங்கையின் நரம்பில் ஏற்றுகிறாய் என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை. அதற்குப் பிறகு இன்னொரு மருந்து, நிறமே இல்லாதது, ஒரு தேக்கரண்டி அளவும் வராது. அதை ஏற்றும்போதும் தாதி இரண்டு பேர் நின்று பெயரையும் அளவையும் மாறி மாறி வாசித்தார்கள். இந்தத் துளிக்கு இவ்வளவு சடங்கா என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு. நேசனின் சிநேகிதர் எங்களை விட்பி என்ற ஊரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிழக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். புது வீடுகள், எல்லாம் ஒரே அச்சில் அரிந்த கல் மாதிரி. கல் அரிகிறவன் சொல்கிறேன், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அவர் தன் வீடு எது என்று கராஜ் கதவைத் திறந்துதான் நிச்சயப்படுத்தினார். வாசலில் அங்கேயும் பட்டிப்பூ. ஆறு கன்று 2 டொலர் 49 சதம் என்றார். வேலியோரம் நான் வெட்டி எறிந்ததை எல்லாம் கணக்குப் பார்த்தால் நான் பணக்காரன்.

அங்கே தேத்தண்ணி குடிக்கும்போது யோகத்தின் கையிலிருந்து கோப்பை விழுந்து உடைந்தது.

"விரல் நுனி மரத்துப்போகுது," என்றாள். "முந்தியும் கொஞ்சம் இருந்தது. இப்ப கூடிப்போச்சு."

என் கசாயம் போதாது, நோய் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து ஒரு பிடியை ஒன்றரைப் பிடியாக்கினேன். பயந்தவன் கை எப்போதும் கொஞ்சம் கூடத்தான் போடும், சீமெந்திலும் அப்படித்தான்.

அந்தக் கிழமை அவளுக்கு வயிறு இறுகிப்போனது. ஐந்து நாள் வெளிக்குப் போகவில்லை. சட்டைத் தெறியைத் துளைக்குள் நுழைத்துப் பூட்ட முடியவில்லை, நேசன் பூட்டிவிட்டார். நான் ஒவ்வொரு காலையும் கோப்பையைக் கொடுத்தேன், அவள் ஒவ்வொரு காலையும் குடித்தாள்.

ஓகஸ்ட் 18, திங்கள், காலை 10.30. யோகத்துக்குக் குளிரோடு காய்ச்சல், 39க்கு மேலே. நேசன் வேலையில். பிலோமினா அக்காவுக்கு அன்று மாலை வேலை. அவர்தான் ரக்சி பிடித்தார், 9 டொலர். இரத்தம் எடுத்தார்கள். அரை மணிக்குள் அவளைத் தனி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் முகமூடிப் பெட்டி. வெள்ளை அணுக்கள் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டன என்று டொக்டர் சொன்னதை பிலோமினா அக்கா எனக்குச் சொன்னார். சாதாரணச் சளித் தடிமனே இப்போது அவளைக் கொன்றுவிடலாம்.

நான் நடைபாதையில் கதிரையில் இருந்தேன். பிலோமினா அக்கா முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, நான் பதினோரு வருசமா இந்த ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளுறன். எது மல்லி, எது மல்லி இல்லை எண்டு எனக்குத் தெரியும். என்னத்தைக் குடுத்தனியள்?"

"மல்லித்…"

"தங்கச்சி உள்ளுக்குக் கிடக்கிறாள். மல்லிக்கதையை விடுங்கோ."

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பாங்கொக், பொதி, படிவம், ஒன்றரைப் பிடி வரைக்கும். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "எழும்புங்கோ," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பொதியை எடுத்துவந்தோம்.

மதியம் 1.15. மருந்து கலக்கும் பிரிவிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட பெண் ஒருவர் ஒரு சிறு அறைக்கு எங்களை அழைத்துப் போனார். பொதியை வெள்ளைத் தாளில் கொட்டினார். பிலோமினா அக்கா நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பேசினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு எண்டு கேக்கிறா."

"ஒரு பிடி. பிறகு ஒண்டரை."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. பிலோமினா அக்கா கையை மூடிக் காட்டினார். அந்தப் பெண் வெளியே போய் ஒரு சிறு தராசு கொண்டுவந்தார். என்னை அள்ளிப் போடச் சொன்னார். போட்டேன். நாற்பத்திரண்டு கிராம். பிறகு தன் கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டார். பதினேழு.

நான் என் கையைப் பார்த்தேன். முப்பது வருடம் சீமெந்துக் கல் தூக்கிய கை. பாங்கொக்கில் பிடித்துக் காட்டிய அந்தப் பெண்ணின் கை என் கையில் பாதி இருக்காது. இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிடி என்றால் பிடி என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். உப்பு ஒரு பிடி, அரிசி ஒரு பிடி, கசாயத்துக்கு ஒரு பிடி. யாருடைய பிடி என்று யார் கேட்டார்கள்?

அந்தப் பெண் தாளைக் கிளறினார். வாடிய ஊதாப் பூ ஒன்றைச் சிறு இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியது. எழுந்துபோய்ப் பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினார். இது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்," என்றேன். "உங்கடை வாசல் தொட்டியிலை நிக்குது."

பிலோமினா அக்கா அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் கதவுப் பக்கமே பார்த்தார். தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் வருகிறார் போல. பிறகு மெல்லச் சொன்னார். பிலோமினா அக்கா துண்டு துண்டாக எனக்குத் தந்தார்.

"உங்கடை தங்கச்சிக்கு ஏத்திற நிறமில்லாத மருந்து இருக்கெல்லோ, வின்கிரிஸ்ரின் எண்டு பேர். அது உந்தச் செடியிலையிருந்து எடுக்கிறதாம்."

"எந்தச் செடி?"

"உதுதான். உங்கடை வேலிப்பூ."

அக்கா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாகாணத்திலேயே, இங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, லண்டன் என்றொரு ஊர் இருக்கிறதாம். நாற்பது வருடத்துக்கு முந்தி அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள், நீரிழிவுக்கு, சீனி வருத்தத்துக்கு, ஆகுமா என்று இந்த இலையைச் சோதித்துப் பார்த்தார்களாம். ஜமேக்காவிலிருந்து வந்த இலை. சீனி இறங்கவில்லை. எலிகளுக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் செத்தன. அணுக்களைக் கொல்லுமென்றால் இரத்தக் கான்சரையும் கொல்லுமே என்று யோசித்தார்களாம். அப்படி வந்ததுதான் இந்த வகை மருந்து. வண்டி வண்டியாக இலை போட்டால்தான் ஒரு சிட்டிகை கிடைக்கும். தாய்லாந்து வைத்தியத்தில் பாவிக்கிற பல செடிகளையும் இப்போது இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்களாம், எதற்குள் என்ன இருக்கிறது என்று.

"அப்ப அந்தப் பாங்கொக் மனுசி சொன்னது சரிதானே?" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே கேட்டது. அந்த நேரத்தில்கூட எனக்கு நியாயம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பெண் யோசித்துத்தான் பதில் சொன்னார், அக்கா தமிழில் தந்தார். "செடி சரி எண்டுறா. ஆனால் நஞ்செண்டபடியால்தானாம் அது மருந்து. உடம்பு தாங்கிற அளவை நிறுத்துத்தானாம் ஏத்தினம். உங்கடை கோப்பைக்குள்ளை எவ்வளவு இருந்ததெண்டு ஆருக்கும் தெரியாது. மற்ற ரெண்டும் என்னெண்டே தெரியாதாம்." அக்கா மூச்சு வாங்கினார். "இனி நான் சொல்லுறது. உள்ளுக்கு அவையள் துளித்துளியா நஞ்சு குடுக்க, வெளியிலை நீங்கள் வாளியாலை வாத்திருக்கிறியள்."

"என்னாலையோ அவளுக்கு உப்பிடி வந்தது?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண் தலையை ஆம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. ஊசி மருந்து தனியாகவே விரலை மரக்கச் செய்யும், வயிற்றை இறுக்கும். கூட ஏற்றும் சிவப்பு மருந்து வெள்ளை அணுக்களை விழுத்தும். கசாயம் எவ்வளவு சேர்த்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாது. முதலே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம் என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஓகஸ்ட் 20, புதன். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. முகமூடி கட்டி என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலுக்கு அருகில் நின்று யோகத்திடம் சொன்னேன். "அது மல்லித் தண்ணி இல்லை."

"மல்லித் தண்ணி உப்பிடிக் கைக்குமோ, அண்ணை?"

"தெரிஞ்சு ஏன் குடிச்சனி?"

அவள் யன்னலைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கே சில்லுப் பாக்கிற மனுசன் கடலைத் தாண்டி ஒளிச்சுக் கொண்டந்து, விடிய எழும்பி அவிச்சுத் தாறார். எப்பிடி வேண்டாம் எண்டிறது? தாதி கேக்கேக்கை உங்களைப் பாத்தனான் அண்ணை. நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஓகஸ்ட் 26, செவ்வாய். அடுத்த மருந்து ஏற்றவேண்டிய நாள். இரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணு போதாது, ஒரு கிழமை கழித்து வா என்று திருப்பி அனுப்பினார்கள். மருந்து பிந்தினால் கட்டி திரும்ப வளருமா என்று நேசன் கேட்டார். பிந்தாமல் இருப்பது நல்லது என்றார் டொக்டர். அந்த ஒரு கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. பகலில் கடைத்தெருவில் நடப்பேன். பார்லிமென்ற் வீதித் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் 250 கிராம் ஒரு டொலர், சுங்கான் மீன் கருவாடு 200 கிராம் ஐந்து டொலர். எதைப் பார்த்தாலும் கிராம் போட்டு எழுதியிருந்தது. அந்த ஊரில் ஒன்றையும் பிடியால் விற்பதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

நேசன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டொக்டருக்குச் சொல்லவேண்டாம் என்றது அவர். இருவருக்கும் அது ஞாபகம் இருந்தது.

செப்ரெம்பர் 2, செவ்வாய். காலை வெளிக்கிடும்போது யோகம் பின்னல் மேல்சட்டையோடு கதவடியில் நின்றாள். விரல்கள் தெறியில் வழுக்கின.

"பூட்டிவிடுங்கோ, அண்ணை."

ஐந்து தெறி. சிறிய தெறிகள். என் விரலுக்கும் அவை சரியாக அகப்படவில்லை. பூட்டி முடித்தேன்.

9.50க்கு இரத்தம் எடுத்தார்கள். 11.05க்குத் தாதி வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அணு ஏறிவிட்டது. பிறகு அதே கேள்வி. வேறு ஏதாவது எடுக்கிறீர்களா? யோகம் என் பக்கம் திரும்பவில்லை. இந்தமுறை நானே பிலோமினா அக்காவிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்த இரண்டு இங்கிலிஷ் சொல்லைச் சொன்னேன். "ஸ்ரொப்ட். நத்திங்." நிறுத்தியாயிற்று, வேறொன்றும் இல்லை.

வின்கிரிஸ்ரினின் அளவைக் குறைத்திருந்தார்கள். இரண்டு தாதிமார் நின்று மாறி மாறி வாசித்தார்கள். இந்தமுறை எனக்கு அது சடங்காகத் தெரியவில்லை. எனக்கும் சேர்த்து அவர்கள் வாசிக்கிறார்கள் என்று பட்டது.

செப்ரெம்பர் 5, வெள்ளி. விமானம் இரவு 8.40. போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் காரை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பட்டிப்பூ இன்னும் பூத்து நின்றது. இன்னும் ஒரு மாதத்தில் பனி விழும், இவை செத்துவிடும். அடுத்த வருடம் கடையில் வாங்கிப் புதிதாக நடுவார்கள். எங்களூரில் இதை ஒருவரும் நடுவதில்லை, இது சாவதும் இல்லை. ஒரு இதழையும் தொடவில்லை. பையில் இடம் இருந்தது. பொதியை அந்த மருந்துக்காரப் பெண் சோதிப்பதற்கு வைத்துக்கொண்டார்.

யோகத்துக்கு மார்கழியில் மருந்து முடிந்தது. கட்டிகள் கரைந்துவிட்டன. தலைமயிர் சுருளாக முளைக்கிறது என்று எழுதியிருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். ஊசியாலோ, என் பிடியாலோ. எழுத்தும் முன்போல் இல்லை, கோணல்.

நான் வவுனியா வந்து இறங்கும்போதே கதை எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. ஆனால் பாதிக் கதை. கனடாவில் பட்டிப்பூவால் கான்சர் மாற்றுகிறார்களாம், இவர் கண்ணால் கண்டவராம். என் வேலியோரம் ஒரு வாரத்தில் மொட்டையாகிவிட்டது. வேரோடு பிடுங்கியிருந்தார்கள்.

போன மாதம் ஒருவர் சைக்கிளில் வந்தார். மனைவிக்கு மார்பில் கட்டி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, நாற்பத்திரண்டு, பதினேழு, தனி அறை, தங்கையின் விரல். கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றேன். சண்டை நேரம், கொழும்புக்குப் போக ஆமியிடம் பாஸ் எடுக்கவேண்டும், அதற்கு நானும் கூட வருகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்ட வந்தார்.

"அதெல்லாம் சரி அண்ணை. ஒரு பிடியோ, ஒண்டரையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"உங்கடை கையைக் காட்டுங்கோ," என்றேன்.

நீட்டினார். தச்சு வேலைக்காரர். என் கையை விடப் பெரியது.

அந்தக் கையைப் பிடித்தபடியே அவரோடு நடந்து, பாஸ் எடுக்கும் வரிசையில் போய் நின்றேன்.